வைரம் தேயாது, மோதிரம் தேயும்

நிச்சயதார்த்த மோதிரத்துக்குத் துணையாக வைரம் பதித்த கல்யாண மோதிரம் வாங்கும் ஜோடிகள் கல்லைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது கல்லைப் பிடித்திருக்கும் உலோகத்தை.

மும்பை ஜவேரி பஜாரின் நெரிசலான சந்துகளில் உள்ள நகை பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு இது பழகிப்போன காட்சி. திருமணமாகி ஏழெட்டு வருடங்களான ஒரு பெண் விரலிலிருந்து இரண்டு மோதிரங்களைக் கழற்றி மேஜை மேல் வைக்கிறார். ஒன்று நிச்சயதார்த்தத்தின்போது வந்தது, ஒற்றைக் கல். மற்றது கல்யாணத்தன்று போட்டது. சுற்றிலும் பொடிக்கற்கள் பதித்த மெல்லிய வளையம். அதில் ஒரு கல்லைக் காணோம். எப்போது விழுந்தது, எங்கே விழுந்தது, தெரியாது. சமையலறைத் தொட்டியின் குழாயைக்கூடக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது.

பட்டறைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொள்கிறார். கல் விழுந்த குழியை ஒரு நொடி பார்க்கிறார். பிறகு அவர் கவனம் போவது பக்கத்து மோதிரத்துக்கு. அதன் பக்கவாட்டில் அரத்தால் ராவியது போல வரிசையாகச் சிறு பள்ளங்கள். ஒற்றைக் கல்லைத் தாங்கும் கால்களில் ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. இன்னும் சில மாதங்கள் இப்படியே போயிருந்தால் தொலைந்திருப்பது பொடிக்கல் அல்ல, பெரிய கல்.

யாரும் அரம் வைக்கவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தை இத்தனை வருடங்களாக அறுத்துக்கொண்டிருந்தது அதற்குத் துணையாக வந்த கல்யாண மோதிரம்தான். வைரத்தின் உறுதியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த உறுதி பக்கத்தில் இருப்பதை என்ன செய்யும் என்பதைத்தான் விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது மோதிரம் வந்த கதை

இந்தியாவில் கல்யாணத்தின் அடையாளம் மோதிரமாக இருந்ததில்லை. தாலி, மெட்டி, மங்கள்சூத்ரா, வங்காளத்தின் சங்கு வளையல் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளம். மோதிரம் மாற்றுவது கிறிஸ்தவர்களின் தலைமுறை வழக்கம். அவர்களிலும் கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் மின்னு கட்டுவதையும் விடவில்லை. பெரும்பாலும் அந்த மோதிரம் கல் இல்லாத தங்க வளையம். உள்பக்கத்தில் துணையின் பெயரோ தேதியோ பொறித்திருக்கும். அறுபது வருடம் போட்டாலும் அதற்குப் பெரிதாக எதுவும் நேராது.

வைரம் விரலுக்கு வந்ததில் விளம்பரத்தின் பங்கு பெரிது. 'வைரம் என்றென்றும்' என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தை 1947-ல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதியவர் பிரான்சஸ் கெரட்டி என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர். அவர் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது கதையின் சுவையான பகுதி. தொண்ணூறுகளில் அதே வாசகம் 'ஹீரா ஹை சதா கே லியே' என்று இந்தி பேசிக்கொண்டு இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது.

சுற்றிலும் பொடிக்கல் பதித்த வளையம் பிரபலமானதற்குக் காரணம் காதல் மட்டுமல்ல. அறுபதுகளில் சோவியத் யூனியனின் சைபீரியச் சுரங்கங்களிலிருந்து சிறிய வைரங்கள் ஏராளமாக வரத் தொடங்கின. அவற்றை விற்க வழி வேண்டும். கல்யாணமாகி வருடங்கள் கழிந்தவர்களுக்கு 'இட்டர்னிட்டி ரிங்' என்ற பெயரில் அந்தக் கற்களைக் கோத்துக் கொடுத்தது வைர வியாபாரம். பிறகு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் இன்னும் சிறிய கற்களைக் கொட்டியது. 2020-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் கற்களில் பெரும் பகுதி பட்டை தீட்டப்பட்டது சூரத்திலும் அதைச் சுற்றியுள்ள குஜராத் ஊர்களிலும்தான். இன்று உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களை எண்ணிக்கையில் பார்த்தால் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இந்தியக் கைகள் வழியாகவே போகிறது. மேற்கத்திய நாடுகளின் விரல்களுக்கு இந்த வளையங்களைச் செய்து அனுப்பிய தொழில், இப்போது உள்ளூர் விரல்களுக்கும் செய்கிறது.

ஆக, மதம் எதுவானாலும் நகரத்து ஜோடிகளிடம் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கோ முதல் ஆண்டு நிறைவுக்கோ இன்னொன்று என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. முதல் மோதிரத்தை வாங்கும்போது யாரும் இரண்டாவதைப் பற்றி யோசிப்பதில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காது வேறு, விரல் வேறு

தமிழ்க் குடும்பங்களுக்கு வைரம் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த 'புளூ ஜாகர்' என்ற சொல் எத்தனையோ பாட்டிமார்களின் வாயில் புழங்கியது. ஏழு கல் தோடும் பேசரியும் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து பெண்ணுக்கும் கைமாறி, கல் ஒன்றுகூட அசையாமல் இருப்பது உண்டு. அந்த அனுபவத்தை நம்பித்தான் பலரும் வைர மோதிரத்தையும் வாங்குகிறார்கள். பாட்டியின் தோடு மூன்று தலைமுறை தாங்கியதே, இது தாங்காதா?

தாங்காமல் போகலாம். காது எதிலும் இடிப்பதில்லை. விரலோ பஸ் கம்பியைப் பிடிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது, சப்பாத்தி மாவு பிசைகிறது, ஸ்கூட்டர் கைப்பிடியை முறுக்குகிறது, குழந்தையைத் தூக்குகிறது. தோடு வருடத்துக்குச் சில முறை வெளியே வருகிற நகையாகவும் இருக்கலாம். கல்யாண மோதிரம் இருபத்துநாலு மணி நேர நகை.

இங்கே இரண்டு குணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடினம், இன்னொன்று உறுதி. ஜெர்மன் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812-ல் வகுத்த அளவுகோலில் வைரத்துக்குப் பத்து. அடுத்த இடத்தில் உள்ள மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் ஒன்பது. வித்தியாசம் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. வைரம் அவற்றைவிடச் சுமார் நான்கு மடங்கு கடினமானது. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணலின் கடினம் ஏழு. தங்கம் மூன்றைத் தொடுவதே அபூர்வம், பிளாட்டினம் நான்குக்குச் சற்று மேல். அதாவது சாதாரணத் தூசியே உலோகத்தை மெல்ல மெல்லத் தேய்க்கும். வைரத்தை ஒன்றும் செய்யாது.

ஆனால் கடினமான பொருள் உடையாது என்று அர்த்தமில்லை. வைரத்துக்குள் சில திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர், கத்தியை வைத்து அடித்துத்தான் பிளந்தார். கிரானைட் மேடையின் விளிம்பில் தவறான கோணத்தில் இடித்தால் மோதிரத்துக் கல்லின் ஓரமும் சில்லு விடலாம். கூரிய மூலைகளுள்ள சதுரக் கல்லுக்கு இந்த ஆபத்து அதிகம். வட்டக் கல்லுக்குக் குறைவு.

இரண்டும் ஒட்டும்போது

நிச்சயதார்த்த மோதிரங்களில் பலவும் 1886-ல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் பிரபலமாக்கிய பாணியின் வாரிசுகள். கல்லை ஆறு உலோகக் கால்கள் உயரத் தூக்கிப் பிடிக்கும், நாலா பக்கமும் வெளிச்சம் புகும், கல் மின்னும். இந்தக் கால்களைத்தான் வியாபாரத்தில் 'பிராங்' என்கிறார்கள்.

இதன் பக்கத்தில் பொடிக்கல் வளையம் வந்து உட்காருகிறது. விரல் மடங்கும்போதெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று உரசும். வளையத்தின் கற்கள் ஓரத்தில் உலோகத் தடுப்பு இல்லாமல் வெளியே தெரிந்தால், கல்லின் விளிம்பு நேராகப் பக்கத்து மோதிரத்தின் மேல் உராய்கிறது. உலகின் மிகக் கடினமான பொருள் தங்கத்தின் மேல் தினமும் ஆயிரம் முறை ஓடினால் என்ன ஆகும்? ஒரு வருடத்தில் கீறல். ஐந்து வருடத்தில் பள்ளம். பெரிய கல்லின் கால்கள் உரசும் உயரத்தில் இருந்தால் பள்ளம் விழுவது அங்கே. இரண்டு மோதிரங்களின் வைரங்களும் ஒன்றோடொன்று மோதினால் இரண்டுமே விளிம்பில் சில்லு விடலாம். வைரத்தை அறுப்பது வைரம்தானே.

இதைத் தவிர்க்க வழிகள் பல. முதலாவது, வளையத்தின் இரு ஓரங்களிலும் வழவழப்பான உலோகம் இருக்கும்படி தேர்ந்தெடுப்பது; அப்போது உலோகத்தை உலோகம்தான் தொடும். இரண்டாவது, இரண்டு மோதிரங்களுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கல் இல்லாத மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டுக்கொள்வது. தேய்ந்தால் அந்த மலிவான வளையம் தேயட்டும். மூன்றாவது, இரண்டையும் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுவது. உரசல் அடியோடு போய்விடும். ஆனால் பிறகு தனித்தனியாகப் போட முடியாது. நான்காவது வழி எல்லாவற்றிலும் எளிது. கல் வளையத்தை அடுத்த கையில் போட்டுக்கொள்ளலாம். மோதிரம் இந்த விரலில்தான் இருக்க வேண்டும் என்று நம் ஊர்ச் சாஸ்திரம் எதுவும் வற்புறுத்தவில்லை.

நிச்சயதார்த்த மோதிரத்தின் கல் தாழ்வாக உட்கார்ந்திருந்தால் நேரான வளையம் அதோடு ஒட்டாது. நடுவே இடைவெளி விழும், வளையம் சாய்ந்து கல்லின் அடிப்பகுதியில் இடிக்கும். இதற்காக வளைவு கொடுத்துச் செய்யும் வளையங்கள் உண்டு. எதுவானாலும் முதல் மோதிரத்தைக் கடைக்கு எடுத்துப்போகாமல் இரண்டாவதைத் தேர்வு செய்வது, காலைக் காட்டாமல் செருப்பு வாங்குவதற்குச் சமம்.

பதிப்பில் இருக்கிறது பலம்

ஜன்னலில் ஒரே மாதிரி ஜொலிக்கும் இரண்டு வளையங்களின் ஆயுளில் பல வருட வித்தியாசம் இருக்க முடியும். காரணம், கல்லைப் பதித்திருக்கும் முறை.

அதிகம் மின்னுவதும் சீக்கிரம் தேய்வதும் 'பாவே' பதிப்பு. உலோகத்தின் மேற்பரப்பையே கீறி எழுப்பிய கடுகைவிடச் சிறிய மணிகள் கல்லைப் பிடித்திருக்கும். உலோகம் தெரியாமல் கல்லாகவே தெரியும். ஆனால் அந்த மணிகள் தேய்ந்து தட்டையானால் பிடிப்பு போய்விடும். நுண்நோக்கியின் கீழ் செய்யும் 'மைக்ரோ பாவே'யில் மணிகள் இன்னும் சிறியவை. விசேஷங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ள அழகு. தினமும் போட்டால் அடிக்கடி பட்டறை வாசலை மிதிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்துப் பக்கத்துக் கற்கள் இரண்டும் ஒரே காலைப் பகிர்ந்துகொள்ளும் பதிப்பு அடுத்தது. வெளிச்சம் நன்றாகப் புகும். ஆனால் ஒரு கால் உடைந்தால் இரண்டு கற்களுக்கு ஆபத்து. கற்களின் ஓரம் வெளியே தெரிவதால் பக்கத்து மோதிரத்தை அறுப்பதிலும் இதுவே முன்னணியில் நிற்கிறது.

'சேனல்' பதிப்பில் ரயில் தண்டவாளம் போல இருபுறமும் இரண்டு உலோகச் சுவர்கள். நடுவில் கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பிசிறில்லாமல் வழவழப்பாக இருக்கும். துணியில் மாட்டாது, பக்கத்து மோதிரத்தைக் கல் தொடாது. குறை ஒன்று உண்டு. சுவர் எங்காவது வளைந்தால் ஒரு கல்லுக்குப் பதில் நாலைந்து ஒன்றாக ஆடத் தொடங்கும். அதனால் சுவர் தடிமனாக இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பத்திரமானவை இரண்டு. ஒவ்வொரு கல்லையும் சுற்றி முழு உலோக விளிம்பு கட்டுவது ஒன்று. பாட்டியின் குளோஸ்டு செட்டிங் தோட்டை நினைவூட்டும் இந்த முறையைக் கடைகளில் 'பெசல்' என்கிறார்கள். உலோகத்தில் குழி தோண்டிக் கல்லை மேற்பரப்போடு சமமாக இறக்கிவிடுவது மற்றது. இவற்றில் மினுக்கு சற்றுக் குறைவு, கல் பார்வைக்குச் சிறிதாகத் தெரியும். ஆனால் நாள் முழுவதும் கையுறை மாட்டிக் கழற்றும் நர்ஸ், தொழிற்கூடத்தில் வேலை செய்பவர், வீட்டு வேலை எல்லாவற்றையும் தானே செய்பவர் ஆகியோருக்கு இதைவிட ஏற்றது இல்லை. கால்கள் தூக்கிய மோதிரம் கையுறையைக் கிழித்துவிடும் என்பது எந்த நர்ஸுக்கும் தெரிந்த விஷயம்.

22 காரட் மோகம்

டைட்டன் நிறுவனத்தின் தனிஷ்க் கடை 1996-ல் சென்னையில் திறக்கப்பட்டபோது, முன்னிறுத்தியது 18 காரட் நகைகளை. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 'சுத்தத் தங்கம்' கேட்கும் நாட்டில் முக்கால் பங்கு தங்கத்தை யார் வாங்குவார்கள்? நிறுவனம் 22 காரட்டுக்கும் இறங்கிவர வேண்டியதாயிற்று. முதலீடாகப் பார்த்தால் வாடிக்கையாளர் செய்தது சரி. ஆனால் பொடிக்கல்லைப் பிடித்துவைக்கும் வேலைக்கு 22 காரட் தங்கம் மிருதுவானது. மெல்லிய கால்கள் சுலபமாக வளையும். தினமும் போடும் வைர வளையத்துக்கு 18 காரட்தான் உலகெங்கும் பொது வழக்கம். அதில் 75 சதவீதம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு. 14 காரட் இன்னும் விறைப்பானது, விலையும் குறைவு.

வெள்ளைத் தங்கம் என்பதும் 18 காரட் தங்கமே. நிறம் வெளுக்க நிக்கலோ பல்லேடியமோ கலந்து மேலே ரோடியம் முலாம் பூசுகிறார்கள். தினமும் போட்டால் ஒன்றிரண்டு வருடங்களில் முலாம் தேய்ந்து மஞ்சள் சாயல் எட்டிப்பார்க்கும். மறுபடி பூச வேண்டும். நிக்கல் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பைத் தரும்.

பிளாட்டினம் வேறு ரகம். நிறம் மாறாது, முலாம் வேண்டாம், தோலுக்கு உறுத்தாது. 18 காரட் தங்கத்தைவிடச் சுமார் 40 சதவீதம் கனம். கீறல் விழாது என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்; விழும். ஆனால் தங்கத்தில் கீறினால் ஒரு துணுக்கு உதிர்ந்து போகும். பிளாட்டினத்திலோ உலோகம் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும். எனவே கல்லைப் பிடிக்கும் கால்கள் மெலிவதற்கு அதிக காலம் ஆகும்.

இவற்றையெல்லாம்விட முக்கியம், இரண்டு மோதிரங்களும் ஒரே உலோகமாக இருப்பது. ஒன்று கடினமானதாகவும் மற்றது மிருதுவானதாகவும் இருந்தால் மிருதுவானது தோற்கும்.

முழு வட்டமா, அரை வட்டமா?

விரலைச் சுற்றிலும் கல் இருந்தால் மோதிரம் திரும்பினாலும் அழகு கெடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த அழகின் விலை தெரியும். நடுத்தர விரல் அளவில் 2 மில்லிமீட்டர் வட்டக் கற்கள் சுற்றிலும் பதிக்க 28 கற்கள் அளவில் தேவைப்படும். அவற்றில் பாதி உள்ளங்கைப் பக்கம். யாரும் பார்க்காத அந்தப் பாதிதான் பஸ் கம்பியிலும் வாளியின் பிடியிலும் இடிபடுவது.

இன்னொரு சிக்கல் அளவு. விரல் கல்யாணத்தன்று இருந்தபடியே இருப்பதில்லை. கர்ப்ப காலத்தில் வீங்கும். வயதோடு கணு தடிக்கும். டெல்லிக் குளிரில் சுருங்கும், சென்னை வெயிலில் உப்பும். சுற்றிலும் கல் உள்ள வளையத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வழியில்லை. புதிதாகத்தான் செய்ய வேண்டும். மேல் பாதியில் மட்டும் கல் பதித்து, கீழே வெறும் உலோகம் உள்ள அரை வட்ட வளையத்தை ஓரிரு அளவு கூட்டிக் குறைக்கலாம். விலையும் குறைவு. வெளியே தெரியும் அழகில் வித்தியாசம் இல்லை.

ஏ.சி. கடையில் குளிர்ந்த விரலில் அளவு எடுப்பது இன்னொரு பொறி. மாலை நேரத்தில், சாதாரண வெப்பத்தில், நிச்சயதார்த்த மோதிரத்தைப் போட்டபடி அளவெடுப்பது நல்லது. இரண்டும் சேர்ந்து அகலமாகும்போது அரை அளவு பெரிதாகத் தேவைப்படலாம்.

வளையத்தின் தடிமனையும் கவனிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நூல் போன்ற வளையங்கள் இப்போதைய மோகம். வளையம் நெளிந்தால் கல் வெளியே தெறிக்கும். கீழ்ப்பகுதி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி.

கல்லில் மிச்சம் பிடிக்கலாம்

தென்னிந்தியர்கள் உயர்தரக் கல்லையே கேட்பவர்கள் என்பது வைர வியாபாரத்தில் பழைய பேச்சு. தோட்டின் நடுக்கல்லுக்கு அது சரி. பொடிக்கல் வளையத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு மில்லிமீட்டர் கல் ஒவ்வொன்றும் சுமார் 3 சென்ட், அதாவது ஒரு காரட்டில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதற்குள் இருக்கும் புள்ளியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் யாரும் பார்க்கப்போவதில்லை. எல்லாக் கற்களும் ஒரே நிறத்தில், ஒரே வெட்டில் இருக்க வேண்டும். நிச்சயதார்த்த மோதிரத்தின் கல்லோடு ஒத்துப்போக வேண்டும். அது போதும். தரத்தில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தில் உலோகத்தின் கனத்தைக் கூட்டினால் மோதிரத்தின் ஆயுள் கூடும்.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் பற்றியும் கேள்வி எழுகிறது. 2023-ல் பிரதமர் மோடி அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குப் பரிசளித்தது இந்த ரக வைரம்தான், எடை 7.5 காரட். அதே ஆண்டு மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. சூரத்தின் ஆலைகளிலும் இது வளர்கிறது. கார்பன் அதே கார்பன், கடினமும் அதே கடினம். உழைப்பில் சுரங்க வைரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பக்கத்து மோதிரத்தை அறுப்பதிலும் இல்லை. விலை பல மடங்கு குறைவு. திருப்பி விற்கும்போது கிடைப்பதும் குறைவு. ஆனால் சுரங்கப் பொடிக்கல்லுக்கும் மறுவிற்பனையில் பெரிய மதிப்பு கிடைத்துவிடுவதில்லை. இந்த மோதிரம் விற்பதற்காக வாங்குவதல்ல என்ற தெளிவோடு கடைக்குப் போவதே நல்லது.

பில்லில் தங்கத்தின் நிகர எடை, கற்களின் எண்ணிக்கையும் காரட் எடையும், செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், கல்லின் எடை தங்கத்தின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. தங்க நகையில் பிஐஎஸ் ஹால்மார்க்கும் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண்ணும் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். 18 காரட் என்றால் 750 என்ற முத்திரை. இந்த முத்திரை உத்தரவாதம் தருவது தங்கத்துக்கு மட்டுமே, கல்லுக்கு அல்ல. கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேட்க வேண்டும். பிளாட்டினத்தில் 950 என்ற முத்திரையைத் தேட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகையின் மேல் கற்களை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தது இந்தக் குணத்தை நம்பித்தான். அதே குணத்தால் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு பொடிக்கற்களின் அடியில் போய் அடைந்து மினுக்கை மறைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான் மருந்து. தொட்டி வடிகாலை அடைத்துக்கொண்டு கழுவ வேண்டும் என்பதை ஒரு கல் தொலைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்பசை உலோகத்தைக் கீறும். பிளீச்சிங் பவுடரின் குளோரின் தங்கக் கலவையை அரிக்கும். மாவு பிசையும்போதும் தரை கழுவும்போதும் மோதிரம் கிண்ணத்தில் இருக்கட்டும். பெட்டியில் வைக்கும்போது தனித்தனிப் பையில் வைக்க வேண்டும். வைர வளையம் பக்கத்தில் கிடக்கும் மரகதத்தையும் மாணிக்கத்தையும் கீறிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டறையில் லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலான இழப்புகளைத் தவிர்க்கலாம். தேய்ந்த காலுக்குப் புது முனை வைப்பது சிறு செலவு. விழுந்த கல்லுக்கு ஈடாக அதே நிறத்தில், அதே அளவில் கல் தேடுவது அலைச்சல். முதல் மோதிரத்தின் பெரிய கல் விழுந்துவிட்டால் அதற்கு ஈடான இன்னொரு கல் வாங்கிவிடலாம்தான். ஆனால் அவர் அன்று விரலில் போட்ட கல் அதுவாக இருக்காது.

ஜவேரி பஜார் பட்டறைக்கு வந்த மோதிரங்களுக்கு விமோசனம் உண்டு. பள்ளங்களை நிரப்பி, கால்களுக்கு உயிர் கொடுத்து, விழுந்த இடத்தில் புதுக் கல் வைத்து, நடுவே ஒரு மெல்லிய வளையத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சேர்ந்து வாழ்வதற்கு இடையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்பது மோதிரங்களுக்கும் பொருந்துகிறது.

கடையில் பத்து நிமிடம்

பணம் கொடுக்கும் முன் செய்யக்கூடிய எளிய சோதனைகள்:

• இரண்டு மோதிரங்களையும் சேர்த்துப் போட்டு, கையை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எங்கே எது எதைத் தொடுகிறது என்பது தெரியும். கல் உலோகத்தைத் தொட்டால் வேண்டாம்.

• கையைப் பத்துப் பதினைந்து முறை மூடித் திறங்கள். பக்கத்து விரல்களில் உறுத்துகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

• பட்டுப் புடவை முந்தானையோ பஞ்சோ எடுத்து வளையத்தின் மேல் மெல்லத் தடவுங்கள். நூல் மாட்டினால் கால்கள் சரியாக மடங்கவில்லை.

• மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டுங்கள். கிணுகிணுவென்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது.

• லென்ஸ் கேளுங்கள். எந்த நல்ல கடையும் மறுக்காது. கற்களின் வரிசை மேடு பள்ளமில்லாமல் நேராக இருக்க வேண்டும்.

• கல் விழுந்தால் எத்தனை வருடம் வரை இலவசமாகப் பதித்துத் தருவார்கள், அளவு மாற்ற என்ன செலவு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.